ஆடையும் ஐஸ் பெட்டியும்

மகனின் பிறந்தநாளுக்குக் கேக் செய்யலாமென்று பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறி, ஜார்ஜ்டவுன் போய், அரை லிட்டர் கிரீம் வாங்கி வந்தேன். பாதிதான் செலவாயிற்று. காசு கொடுத்து வாங்கியதைக் கொட்ட மனம் வருமா? மீதியை ஐஸ் பெட்டியின் மேல்தட்டில் உறைய வைத்தேன். ஒரு மாதம் கழித்து எடுத்து அடித்தால், நுரைக்கவே இல்லை. தண்ணீர் ஒரு பக்கம், குருணை ஒரு பக்கமாக நின்றது.

பக்கத்து லயத்துப் பாட்டி எட்டிப் பார்த்தார். "கெட்டுப் போகல டீச்சரம்மா, வெண்ணெயாகப் பாக்குது. இன்னும் கொஞ்சம் அடிங்க" என்றார். அடித்தேன். திரண்டு வந்தது வெண்ணெய்!

கிரீமிலுள்ள கொழுப்பு, மெல்லிய தோல் போர்த்திய நுண்துளிகளாக மிதக்கிறது. உறையும்போது பனித்துகள்கள் அத்தோலைக் கிழித்துவிடுகின்றன. உருகியதும் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே உறைந்த கிரீம் கேக்கின் மேல் பூச உதவாது. குருமாவுக்கும் சூப்புக்கும் தாராளமாக உதவும். ஐஸ் தட்டில் ஊற்றிக் கட்டிகளாக உறைய வைத்தால் வேண்டிய மட்டும் எடுக்கலாம். குருமாவை இறக்கும் தறுவாயில் போடுங்கள். தக்காளிப் புளிப்போடு கொதித்தால் திரிந்துவிடும்.

பாட்டி கிரீம் வாங்கியவரல்லர். பசும்பாலைக் காய்ச்சி ஆறவைத்து, ஆடையை எடுத்துச் சேர்ப்பவர். ஒரு லிட்டர் பாலில் கொழுப்பு 35 முதல் 40 கிராம்தான். அதிலும் ஒரு பகுதியே ஆடையாகத் திரளும். எனவே பல நாள் சேர்க்கவேண்டும். கீழ்த்தட்டில் வைத்தால் ஒரு வாரத்தில் கசந்துவிடும். உறைநிலைப் பகுதியில், மூடிய டப்பாவில் வைத்தால் கசக்காது. பெட்டிப் பாலில் இதை முயலாதீர்கள் தாய்மார்களே! அதில் கொழுப்பைப் பொடிப்பொடியாக உடைத்துக் கலந்திருப்பதால் ஆடை அதிகம் படியாது. பால்காரரிடம் வாங்கும் பாலே இதற்கு ஏற்றது.

டப்பா நிறைந்ததும், முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி உருகவிடுங்கள். பின் ஒரு கரண்டி தயிர் கலந்து, சில மணி நேரம் புளிக்கவைத்து, குளிர்ந்த நீர் விட்டுக் கடைந்தால் வெண்ணெய் மேலே மிதக்கும். மோரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். வெண்ணெயைக் கழுவிச் சிறு தீயில் உருக்குங்கள். சடசடப்பு அடங்கி, அடியில் கசடு பொன்னிறமாகும்போது ஒரு கொத்து முருங்கைக்கீரை போட்டு இறக்கவேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தாலும் கருகிவிடும். நான் இரண்டு முறை கருக்கியிருக்கிறேன்.

சென்ற தீபாவளியன்று நெய் உருண்டை பிடிக்க, வழக்கமாக வாங்கும் டின் நெய்யில் பாதிதான் வாங்கினேன்.