அஞ்சறைப்பெட்டியும் குடிநீர் மரபும்: திருப்பாலைக்குடிக் கரையோரப் பகுதியை முன்வைத்து

திறவுச்சொற்கள்: குடிநீர், திரிகடுகம், சுக்கு, கருப்பட்டி, அளவு

முன்னுரை

இராமநாதபுரம் மாவட்டத்தில் பாக் விரிகுடாவின் கரையில், தேவிபட்டினத்திற்கும் தொண்டிக்கும் இடையே அமைந்த நெய்தல் நில ஊர் திருப்பாலைக்குடி. பனைவளம் மிக்க இம்மாவட்டம் உட்படத் தமிழகமெங்கும் அறியப்பட்ட பானம் சுக்குமல்லிக் காப்பி. இதில் காப்பிக்கொட்டை இல்லை. பெயர் மட்டுமே காப்பியினுடையது. இத்தகைய அடுக்களைப் பானங்களுக்கும் சித்த மருத்துவக் குடிநீருக்கும் உள்ள உறவையும் வேறுபாட்டையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சரக்கும் பக்குவமும்

சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றும் திரிகடுகம் எனப்படும். இஞ்சியை உலர்த்தும்போது அதிலுள்ள ஜிஞ்சரோல் ஒரு பகுதி ஷோகோலாக மாறுகிறது. இஞ்சியும் சுக்கும் மருத்துவ மரபில் வெவ்வேறு சரக்குகளாகக் கொள்ளப்படுவதை இம்மாற்றம் விளங்கச் செய்கிறது. சுக்கின் புறத்தோலை நஞ்செனக் கருதி நீக்குவதும் இம்மரபின் விதியாகும். பானத்திற்கு இனிப்பூட்டும் கருப்பட்டி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரைக் காய்ச்சிப் பெறப்படுவது.

குடிநீரின் இலக்கணம்

சித்த மருத்துவம் அகமருந்து 32, புறமருந்து 32 என வகுக்கிறது. அகமருந்துகளுள் ஒன்றாகிய குடிநீர், சரக்குகளை நீரிலிட்டுக் குறித்த அளவிற்கு வற்றக் காய்ச்சி வடிப்பது. அதன் ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். 9 சரக்குகள் சேரும் நிலவேம்புக் குடிநீரில் சுக்கும் மிளகும், 15 சரக்குகள் சேரும் கபசுரக் குடிநீரில் சுக்கும் திப்பிலியும் இடம்பெறுகின்றன. எனவே சரக்கால் இரண்டும் உறவுடையன. அளவு, வற்றல், காலம் ஆகியவற்றால் வேறுபடுகின்றன.

அளவின் இன்றியமையாமை

மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம், குர்குமின் 2 கிராமுடன் சேரும்போது, குர்குமின் உடலில் ஏற்கப்படும் அளவு 2000 விழுக்காடு உயர்ந்ததாக 1998இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்று காட்டியது. மஞ்சளில் குர்குமின் ஏறத்தாழ 3 விழுக்காடே. ஆகவே 2 கிராம் குர்குமினைப் பெற 60 கிராமுக்கு மேற்பட்ட மஞ்சள்தூள் வேண்டும். ஒரு குவளைப் பாலில் சேர்வதோ சில சிட்டிகையே. அவ்வாய்வின் முடிவை மஞ்சள் பாலுக்கு அப்படியே ஏற்றிக் கூறுதல் பொருந்தாது.

கருப்பட்டியிலும் இத்தகைய மயக்கம் உண்டு. அதன் பெரும்பகுதி சுக்ரோசே ஆதலின், நீரிழிவாளர்க்குத் தீங்கற்றது என்னும் நம்பிக்கை பிழையானது. பைப்பரின் சில மருந்துகள் உடலில் ஏற்கப்படும் அளவையும் உயர்த்தக்கூடியது. ஆதலால் தொடர்ந்து மருந்துண்போர் மிளகு மிகுந்த கசாயங்களை நாள்தோறும் பருகுமுன் மருத்துவரைக் கேட்டறிதல் நன்று.

முடிவுரை

அடுக்களைப் பானம் உணவின்பாற்பட்டது, குடிநீர் மருந்தின்பாற்பட்டது. மரபு இவ்விரண்டையும் ஒரே சரக்கிலிருந்து ஆக்கினாலும் ஒன்றெனக் கொள்ளவில்லை. வழக்காறுகளைத் தொகுக்கும் ஆய்வாளர் சரக்குகளின் பெயர்ப்பட்டியலோடு நில்லாமல், அளவு, பக்குவம், பருகும் காலம் ஆகியவற்றையும் பதிவுசெய்தல் வேண்டும். அவையின்றி எஞ்சும் பட்டியலைக்கொண்டு அப்பானத்தை மீண்டும் ஆக்கவோ ஆய்வுக்கு உட்படுத்தவோ இயலாது.