ஒரே ஷாட்டில் சீறிப் பாயும் எஃப்.பி.வி. ட்ரோன்: வீடியோ எடுப்பது எப்படி? விதிகள் என்ன?

சாலையில் இருந்து கேமரா கிளம்புகிறது. கதவு வழியாக உள்ளே நுழைகிறது. பந்து உருட்டி விளையாடுபவர்களின் நடுவே வளைந்து வளைந்து பறந்து, பின்னால் இருக்கும் இயந்திரப் பகுதி வரை புகுந்து வருகிறது. சுமார் ஒன்றரை நிமிடம். நடுவில் ஒரு கட் கூட இல்லை.

2021 மார்ச் மாதம், அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் உள்ள பிரையன்ட் லேக் பவுல் என்ற பவுலிங் மையத்தில் எடுக்கப்பட்டு உலகம் முழுக்க வைரலான வீடியோ இது. ட்ரோனை இயக்கியவர் ஜே கிறிஸ்டென்சன். அடுத்த ஆண்டு வெளியான மைக்கேல் பேயின் 'ஆம்புலன்ஸ்' படத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் கட்டிடங்களை ஒட்டிச் செங்குத்தாகப் பாயும் காட்சிகளும் இதே வகை ட்ரோனில் எடுக்கப்பட்டவைதான்.

இப்போது இந்த ஸ்டைல் கல்யாண வீடியோ, ஹோட்டல் விளம்பரம் வரை வந்துவிட்டது. ஆனால் ஆட்களுக்கு நடுவே பறப்பது வேகமாகச் சுழலும் இறக்கைகள். திட்டம் பிசகினால் போவது ஷாட் மட்டுமல்ல, யாரோ ஒருவரின் கண்ணாகவும் இருக்கலாம்.

வழக்கமான ட்ரோனில் இருந்து என்ன வித்தியாசம்?

சாதாரண ட்ரோனில் கையை எடுத்தால் அது அப்படியே அந்தரத்தில் நிற்கும். ஜி.பி.எஸ்., சென்சார் எல்லாம் சேர்ந்து அதைப் பிடித்து வைக்கும். எஃப்.பி.வி. ட்ரோனில், முழுக்க கையால் இயக்கும் 'அக்ரோ' முறையில், அந்த வசதி கிடையாது. சாய்த்தால் சாய்ந்தபடியே போகும். நேராக்குவதும் பைலட்தான்.

பைலட் கண்ணில் காகிள்ஸ் மாட்டியிருப்பார். ட்ரோனின் கேமரா காட்டுவது மட்டுமே அவருக்குத் தெரியும். பக்கவாட்டில் யாராவது வந்தால் தெரியாது.

ஒரு சின்ன கணக்கு. மணிக்கு 36 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 10 மீட்டர். ட்ரோனில் இருந்து காகிள்ஸுக்குப் படம் வர 30 மில்லி செகண்ட் தாமதமானால், பைலட் பார்ப்பதைவிட ட்ரோன் 30 செ.மீ. முன்னால் போயிருக்கும். 90 செ.மீ. அகலமுள்ள கதவில் இது பெரிய தூரம்.

எந்த ட்ரோன் எதற்கு?

கட்டிடத்துக்குள், ஆட்களுக்கு அருகில் பறக்க 'சினிவூப்' வகை ட்ரோன் பயன்படுகிறது. இதன் இறக்கைகளைச் சுற்றி வளையம் போன்ற தடுப்பு இருக்கும். லேசாக இடித்தால் இறக்கை நேரடியாக மேலே படாமல் தடுக்கும். அதற்காக ஆபத்தே இல்லைன்னு அர்த்தம் இல்லை. திறந்தவெளியில் கார், பைக்கைத் துரத்த 5 அங்குல இறக்கை கொண்ட ட்ரோன் ஏற்றது. வேகம் அதிகம், தடுப்பு கிடையாது. ஆட்களிடம் இருந்து தள்ளியே பறக்க வேண்டும்.

திட்டமிடுவது எப்படி?

முதலில் நடக்க வேண்டும். செல்போனில் வீடியோ ஆன் செய்து, ட்ரோன் பறக்கப்போகும் உயரத்தில் பிடித்தபடி முழுப் பாதையையும் நடந்து பார்த்தால் பாதிப் பிரச்சினை அப்போதே தெரிந்துவிடும். கண்ணாடிக் கதவு, சீரியல் லைட் வயர், தோரணம், சீலிங் ஃபேன் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். மெல்லிய வயர் காகிள்ஸில் தெரியவே தெரியாது. ஃபேன்களை ஆஃப் செய்வது கட்டாயம்.

அடுத்தது சிக்னல். கான்கிரீட் சுவர் வீடியோ சிக்னலைக் குறைத்துவிடும். அதனால் பைலட் தொடக்க இடத்தில் நிற்காமல், பாதையின் நடுப்பகுதியில், சுவர் மறைக்காத இடத்தில் நிற்பது நல்லது. ரிமோட் சிக்னல் துண்டித்தால் பெரும்பாலான எஃப்.பி.வி. ட்ரோன்களில் மோட்டார் நின்று, ட்ரோன் அப்படியே கீழே விழும். அந்த இடத்தில் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது.

பிறகு ஒத்திகை. முதலில் ஆட்கள் இல்லாமல் மெதுவாக. அதன்பின் ஆட்களோடு. யார் எப்போது திரும்புவது, கதவை யார் திறப்பது என்று முன்பே சொல்லிவிட வேண்டும். ட்ரோனை நேரடியாகக் கண்ணால் பார்க்கும் உதவியாளர் ஒருவர் பைலட் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அவர் 'நிறுத்து' என்றால் நிறுத்த வேண்டும். ஷாட் எவ்வளவு நன்றாகப் போனாலும் சரி.

பேட்டரி பெரும்பாலும் 4 முதல் 6 நிமிடம்தான் தாங்கும். ஒரு டேக்குக்கு ஒரு பேட்டரி என்று கணக்கு வைத்தால் பதற்றம் இருக்காது.

கேமரா செட்டிங்?

வெயிலில் என்.டி. ஃபில்டர் போட்டு ஷட்டர் வேகத்தைக் குறைத்தால் வேகம் இயல்பாகத் தெரியும். 25 ஃபிரேம் என்றால் 1/50 என்பது பொதுவான கணக்கு. ஆனால் ஆட்டத்தைப் பிறகு சாஃப்ட்வேரில் சரிசெய்வதாக இருந்தால் ஷட்டரை இன்னும் கூட்டுவது நல்லது. இல்லையென்றால் படம் நிலையாக இருந்தும் மங்கலாகத் துடிக்கும். ட்ரோனின் இரைச்சலில் வேறு எந்தச் சத்தமும் பதிவாகாது. மினியாபோலிஸ் வீடியோவில் கேட்கும் பேச்சும் பந்துச் சத்தமும் பின்னர் சேர்க்கப்பட்டவையே.

இந்தியாவில் விதி என்ன?

2021 ட்ரோன் விதிகளின்படி ட்ரோனைப் பதிவு செய்து தனி அடையாள எண் பெற வேண்டும். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழில்ரீதியாக இயக்க ரிமோட் பைலட் சான்றிதழ் தேவை. காசு வாங்கிக் கல்யாணம் எடுப்பதும் தொழில்தான். ட்ரோனுக்கு வகைச் சான்றிதழும் வேண்டும் என்பதால், பாகங்கள் வாங்கி வீட்டில் செய்த ட்ரோன் இங்கேதான் சிக்கும்.

பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்க முன் அனுமதி வேண்டாம். மஞ்சள், சிவப்பு மண்டலங்களில் அனுமதி கட்டாயம். எந்த இடம் எந்த மண்டலம் என்பதை டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்க்கலாம். விதி மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் என்ன செய்யலாம்?

ட்ரோன் வாங்கும் முன் ரிமோட் மட்டும் வாங்கி, கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் பழகலாம். அங்கே எத்தனை முறை மோதினாலும் செலவு இல்லை, யாருக்கும் காயமும் இல்லை. அடுத்து காலி மைதானம், அதன்பின் காலி அறை. ஆட்கள் இருக்கும் மண்டபம் கடைசியில்தான். கல்யாண வீட்டார் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. புக் செய்யும்போதே பைலட் சான்றிதழைக் காட்டச் சொல்லலாம். முந்தைய நாள் வந்து மண்டபத்தை நடந்து பார்ப்பாரா என்றும் கேட்கலாம்.