தண்ணீருக்குள் பவர் எங்கே போகிறது?

கண்ணாடி போடும் பிள்ளைகள் பலருக்கு நீச்சல் குளம் என்றாலே ஒரு தயக்கம். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டால் மாஸ்டர் கையை எப்படி வீசிக் காட்டுகிறார் என்பது தெரியாது. எதிரே வருவது அண்ணனா, வேறு யாரோவா என்பதும் தெரியாது. நமக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக் கரையிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். உண்மை என்ன தெரியுமா? தண்ணீருக்குள் முங்கிக் கண்ணைத் திறந்தால், கண்ணாடியே போடாத உங்கள் நண்பனுக்கும் எல்லாம் மங்கல்தான்!

ஏன் அப்படி? ஒளியை வளைத்து விழித்திரையில் விழவைக்கும் வேலையில் பெரும்பங்கு கண்ணுக்குள் இருக்கும் லென்ஸுடையது அல்ல. கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கும் தெளிவான கார்னியாவுடையது. கண்ணின் மொத்த பவர் ஏறத்தாழ 60 டையாப்டர் (பவரை அளக்கும் அலகு). அதில் 43 போலக் கார்னியா தருகிறது. காற்றின் ஒளிவிலகல் எண் 1, கார்னியாவுடையது சுமார் 1.38. இந்த வித்தியாசம் இருப்பதால்தான் ஒளி வளைகிறது. தண்ணீருடைய எண்ணோ 1.33. கார்னியாவுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதால் ஒளி ஏறக்குறைய வளையாமலே உள்ளே போய்விடுகிறது. 40 டையாப்டருக்கு மேல் காணாமல் போன இடத்தில் உங்கள் கண்ணாடியின் மைனஸ் 3 எம்மாத்திரம்?

தாய்லாந்தின் சுரின் தீவுகளில் வாழும் மோக்கன் மக்களின் பிள்ளைகள் மட்டும் கடலுக்குள் வெறும் கண்ணால் சிப்பி தேடுவார்கள். கண்மணியை நன்றாகச் சுருக்கி, கண் லென்ஸையும் முழுமூச்சாக வேலை வாங்குவதால் ஐரோப்பியப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்கு நுணுக்கமாக அவர்களுக்குத் தெரிகிறது என்று ஸ்வீடன் ஆய்வாளர் அன்னா கிஸ்லேன் 2003-இல் எழுதினார். குளோரின் தண்ணீரில் நீங்கள் அதைப் பழக வேண்டாம், கண் எரியும்.

நமக்கு நீச்சல் கண்ணாடி போதும். அது கண்ணுக்கு முன்னால் கொஞ்சம் காற்றைப் பிடித்து வைக்கிறது. உடனே கார்னியா வேலைக்குத் திரும்பிவிடும். நண்பனின் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. உங்களுக்கு அந்த மைனஸ் 3 மட்டும் பாக்கி. அதற்குத்தான் பவர் வைத்த நீச்சல் கண்ணாடி.

அது கையில் கிடைத்தால் விரலால் தடவிப் பாருங்கள். வெளிப்பக்கம் பெரும்பாலும் தட்டையாக இருக்கும்; கிட்டப்பார்வைக்கானது என்றால் உட்பக்கம் குழிந்திருக்கும். வளைவை வெளியே வைத்திருந்தால், தண்ணீர் பட்டதும் அதன் பவர் மாறியிருக்கும். உட்பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருப்பது எப்போதும் காற்றுதான். அதனால் கரையில் நின்றாலும் முங்கினாலும் பவர் ஒன்றே. எத்தனை எளிமையான யோசனை!

கடையில் கிடைப்பவை பொதுவாக அரை அரை டையாப்டராக ஏறும். இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு பவர் என்றால் தனித்தனியாக வாங்கிப் பொருத்தும் வகைகளும் உண்டு. சிதறல் பார்வைக்கான (அஸ்டிக்மாடிசம்) சிலிண்டர் பவர் அவற்றில் இருக்காது. அதில் பாதியை மற்ற பவரோடு கூட்டிக்கொள்வார்கள். மைனஸ் 3-உம் சிலிண்டர் மைனஸ் 1-உம் என்றால், வாங்க வேண்டியது மைனஸ் 3.5. ஆனாலும் கண் மருத்துவரிடம் சீட்டைக் காட்டிக் கேட்டுவிட்டே வாங்குங்கள். மைனஸ் 1-க்குள் இருப்பவர்கள் சாதாரண நீச்சல் கண்ணாடியிலேயே சமாளித்துவிடலாம்.

காண்டாக்ட் லென்ஸ் போடும் அக்கா, அண்ணன் வீட்டில் இருந்தால் அவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: லென்ஸோடு குளத்தில் இறங்கக் கூடாது. குழாய்த் தண்ணீர், குளம், ஏரி எல்லாவற்றிலும் அகாந்தமீபா என்ற ஒரு செல் உயிரி இருக்கலாம். கெட்டியான கூட்டுக்குள் அது ஒடுங்கிக்கொண்டால் குளத்தில் போடும் குளோரினுக்கும் சாகாது. லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் கார்னியாவையே அரித்து, பார்வையைக்கூடப் பறித்துவிடும்.

புதுக் கண்ணாடியோடு இறங்கும் முதல் நாள் ஒன்றைக் கவனியுங்கள். தண்ணீருக்குள் பொருள்கள் கால்வாசி கிட்டே வந்ததுபோலத் தெரியும். நான்கு அடி தள்ளியிருக்கும் சுவர் மூன்றடியில் இருப்பதாகத் தோன்றும். அதை நம்பித் திரும்பினால் கால் சுவரை எட்டாது. போட்டிக் குளமாக இருந்தால் தரையில் ஓடும் கறுப்புக் கோடு, சுவருக்கு இரண்டு மீட்டர் முன்னால் ஒரு குறுக்குக் கோட்டில் முடிந்திருக்கும். அதை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடுங்கள்.