ஆஃப் செய்வது வேறு, துண்டிப்பது வேறு!

உங்கள் கம்ப்யூட்டரின் பவர் பட்டனை உற்றுப் பாருங்கள். மேற்பக்கம் திறந்த ஒரு வட்டம், அந்த இடைவெளியில் ஒரு சிறு கோடு. இந்தக் குறி மின்சாரம் துண்டிக்கப்பட்டதைச் சொல்வதில்லை. ஸ்டாண்ட்பை, அதாவது காத்திருக்கும் நிலையைத்தான் சொல்கிறது. 1995-ல் ஏடிஎக்ஸ் முறை வந்த பிறகு, இந்தப் பட்டன் மதர்போர்டுக்கு ஒரு சிக்னலை மட்டுமே அனுப்புகிறது. ஷட்டவுன் செய்த பிறகும் 5 வோல்ட் மின்சாரம் மதர்போர்டில் இருந்துகொண்டேதான் இருக்கும்.

வீட்டில் இந்த வித்தியாசத்தை நாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தொழிற்சாலையில் இது விரலையும் உயிரையும் காக்கும் விஷயம். நூற்பாலை மெஷின்களைக் கம்ப்யூட்டருடன் இணைக்கும் வேலைக்காக நான் கோவைப் பக்கம் அடிக்கடி போவதுண்டு. அங்கே பயன்படும் ஹெவி டியூட்டி சுவிட்சுகளைப் பற்றி இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

வீட்டு சுவிட்ச் ஏன் தாங்காது?

மோட்டார் ஓடத் தொடங்கும் நொடியில், வழக்கமாக எடுக்கும் கரண்டைப் போல ஆறு மடங்கு வரை இழுக்கும். அதனால் "32 ஆம்பியர்" என்ற எண்ணை மட்டும் பார்த்து சுவிட்ச் வாங்கக் கூடாது. எந்த வகை லோடுக்கு என்பதையும் பார்க்க வேண்டும். ஹீட்டர் போன்றவற்றுக்கு ஏசி-21, மோட்டாருக்கு ஏசி-23 என்று சுவிட்சின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். ஏசி-23 வகையில் 32 ஆம்பியர் சுவிட்ச் என்றால், 320 ஆம்பியரில் ஆன் செய்தும் 256 ஆம்பியரில் ஆஃப் செய்தும் சோதிக்கப்பட்டது என்று பொருள்.

ஆஃப் செய்யும்போது காண்டாக்டுகளுக்கு இடையே தீப்பொறி பாயும். நம் 50 சைக்கிள் ஏசி மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் அந்தப் பொறி அணைந்துவிடும். டிசி மின்சாரத்தில் அந்த வசதி கிடையாது. பொறி நீண்டு எரிந்துகொண்டே இருக்கும். மாடியில் சோலார் பேனல் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பேனலில் இருந்து வரும் டிசி லைனில் சாதாரண ஏசி சுவிட்சைப் போடக் கூடாது.

தூசும் தண்ணீரும்

நூற்பாலையில் பஞ்சு பறக்கும். சாயப்பட்டறையில் ஈரமும் ரசாயன ஆவியும் இருக்கும். இதற்காகத்தான் ஐபி எண். முதல் இலக்கம் தூசு போன்ற திடப்பொருளுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி-20 என்றால் விரல் உள்ளே போகாது, ஆனால் தண்ணீரைத் தடுக்காது. ஐபி-65 என்றால் தூசு அறவே புகாது, தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும். ஆனால் ஒயர் நுழையும் ஓட்டையில் சரியான கிளாண்ட் போடாமல் விட்டால், விலை கொடுத்து வாங்கிய ஐபி-65 வீண்தான். எரிவாயு கசியக்கூடிய இடங்களுக்கு இதுவும் போதாது; ஃபிளேம்ப்ரூஃப் போன்ற தனி வகை சுவிட்சுகள் வேண்டும்.

சிவப்புக் காளான்

மஞ்சள் பின்னணியில் காளான் போன்ற சிவப்புப் பட்டனைப் பார்த்திருப்பீர்கள். அது எமர்ஜென்சி ஸ்டாப். தட்டினால் உள்ளேயே நின்றுவிடும். விடுவித்தாலும் மெஷின் தானாக ஓடத் தொடங்கக் கூடாது. உள்ளே காண்டாக்ட் உருகி ஒட்டிக்கொண்டாலும், அழுத்தும் விசையே அதைப் பிரித்துவிடும்படி அமைத்திருப்பார்கள். ஸ்பிரிங்கை மட்டும் நம்புவதில்லை.

ஆனாலும் இது நம் பவர் பட்டன் மாதிரிதான்: மெஷினை நிறுத்தும், பேனலுக்குள் மின்சாரம் இருக்கலாம். ரிப்பேர் செய்ய இதை நம்பிக் கை வைக்கக் கூடாது.

சட்டைப் பையில் சாவி

ரிப்பேருக்கு என்று இருப்பது ஐசொலேட்டர் எனும் ரோட்டரி சுவிட்ச். மூன்று ஃபேஸையும் ஒரே சமயத்தில் துண்டிக்கும். ஆஃப் நிலையில் கைப்பிடியில் பூட்டுப் போடலாம். பலவற்றில் மூன்று பூட்டு வரை மாட்ட இடம் உண்டு. மூன்று பேர் வேலை செய்தால் ஆளுக்கொரு பூட்டு.

ஒரு மில்லில், கார்டிங் மெஷினுக்குள் ஃபிட்டர் கை விட்டு வேலை செய்துகொண்டிருந்தார். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல், "ஏன் இன்னும் ஓடல?" என்று கேட்டபடி ஷிப்ட் சூப்பர்வைசர் வந்து கைப்பிடியைத் திருப்பினார். அது அசையவில்லை. பூட்டின் சாவி ஃபிட்டரின் சட்டைப் பையில் இருந்தது. அன்று அவர் கையைக் காப்பாற்றியது அந்தச் சின்னப் பூட்டுதான்.

பூட்டிய பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்ப்பது அவசியம். மோட்டார் டிரைவ் இருந்தால் அதன் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். டிரைவின் மேல் எழுதியுள்ள நிமிடங்கள் வரை காத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கும் இதே விதிதான். ரேம் மாற்றக் கேபினட்டைத் திறக்கும் முன், ஷட்டவுன் செய்ததோடு நிறுத்தாமல் பவர் கார்டைக் கழற்றிவிடுங்கள். கழற்றிய பிளக் உங்கள் கண் முன்னால் இருக்கட்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எப்போதும் திறக்காதீர்கள்.