கிழிந்த புடவையில் தைத்த குடும்ப வரலாறு

மும்பை: பழம்புடவைகளை அடுக்கி, நெருக்கமாகத் தையலிட்டுப் போர்வையாக்குவது மராட்டிய வீடுகளின் நெடுங்கால வழக்கம். 'கோதடி' எனப்படும் அப்போர்வையில் பாட்டியின் புடவையும் பேரக்குழந்தையின் சட்டையும் அருகருகே அமையும். தமிழர் இல்லங்களில் தாயின் புடவை தூளியாவதும் இதே மரபின் மற்றொரு வடிவமே. வீட்டுக்குள் அடங்கியிருந்த இக்கைவினையைப் பொது மன்றத்துக்குக் கொண்டுவந்த முயற்சிகளில் தாராவிப் பெண்களின் பங்கு குறிப்பிடத்தக்கது.

1999ல் தொடங்கப்பட்ட 'சினேகா' தொண்டு நிறுவனம், 2015 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் 'தாராவி பினாலே' கலைவிழாவை நடத்தியது. அதில் அப்பகுதிப் பெண்கள் தாராவியின் வரைபடத்தையே துணியில் தைத்து, குடும்ப வன்முறையின் தடங்களை அதில் பதித்தனர். இல்லம் என்பது அடைக்கலம் மட்டுமன்று, அச்சத்தின் இடமாகவும் இருக்கக்கூடும் என்பதை அத்துணி வெளிப்படையாகக் கூறியது.

தாராவிக்கு இக்கலை புதிதன்று. உத்தரப் பிரதேசம், பீகாரிலிருந்து வந்த ஆண்கள் இங்கு பூத்தையல் பட்டறைகளில் கூலிக்கு உழைக்கின்றனர். அது தொழிலாகக் கணக்கிடப்படுகிறது. பெண்கள் வீட்டில் தைக்கும் போர்வையோ எக்கணக்கிலும் சேர்வதில்லை.

இன்று தாராவி மக்கள்முன் நிற்கும் கேள்வியும் கணக்கைப் பற்றியதே. சுமார் 600 ஏக்கர் பரப்புள்ள இப்பகுதியின் மறுசீரமைப்புத் திட்டத்தை 2023ல் மாநில அரசு அதானி குழுமத்திடம் ஒப்படைத்தது. திட்ட நிறுவனத்தில் குழுமத்துக்கு 80 விழுக்காடும் அரசுக்கு 20 விழுக்காடும் பங்கு உண்டு. 2000 ஜனவரி 1ந் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வசிப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின்னர் 2011 வரை குடியேறியோருக்கு வெளியிடத்தில், கட்டணத்துடன் வீடு. மேல்தளத்தினருக்கும் வெளியே வாடகை வீடுதான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்து தலைமுறைகளாக வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களும் ஆவணங்களைக் கொண்டே தம் உரிமையை மெய்ப்பிக்க வேண்டியுள்ளது.

இடப்பெயர்வு மும்பைத் தமிழர்க்குப் பழகிய ஒன்றுதான். 1973ல் கழிமுகப் பாலமும் 1992ல் ரயில் பாதையும் வந்தபின், மாதுங்கா, செம்பூர் பகுதிகளிலிருந்து பல தமிழ்க் குடும்பங்கள் வாஷிக்குச் சென்றன. ஆனால் வசதி தேடித் தாமே செல்வது வேறு. அகற்றப்பட்டுச் செல்வது வேறு. முன்னதில் பழம்புடவைப் பெட்டியும் உடன் செல்லும். பின்னதில் அண்டை வீடு, தெரு, உறவு அனைத்தும் சிதறும்.

துணியைச் சாட்சியாக்கிய முன்னுதாரணம் உலகில் உண்டு. சிலி நாட்டில் 1973 ராணுவப் புரட்சிக்குப்பின் காணாமற்போனோரின் தாய்மாரும் மனைவியரும் துணித்துண்டுகளில் தம் துயரைத் தைத்தனர். திருச்சபையின் துணையுடன் அவை வெளிநாடுகளுக்குச் சென்று, பினோசெட் ஆட்சியின் கொடுமைகளை அம்பலப்படுத்தின.

தாராவியின் கணக்கெடுப்புப் படிவத்தில் போர்வைக்கு இடமில்லை. மின்கட்டண ரசீது, வாக்காளர் பட்டியல் போன்ற ஆவணங்களே செல்லும். எனினும், யார் யாருடன் எத்தனை தலைமுறை ஒரே தெருவில் வாழ்ந்தனர் என்பதைப் பெண்களின் நினைவே காத்து வருகிறது. குடியிருப்போரின் தகுதியை முடிவு செய்யும் முன் அந்நினைவுக்கும் அரசு செவிசாய்க்குமா என்பதே கேள்வி.