கோடு நகர்ந்த ஊர்: புக்கிட் காயூ ஹீத்தாம்

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஹட்யாய் போய் வந்த அனுபவம் கெடா மாணவர்கள் பலருக்கு இருக்கும். குடிநுழைவு முகப்பில் கடப்பிதழில் முத்திரை குத்துவார்கள். கைப்பேசியில் மணி ஒரு மணி நேரம் பின்னால் போகும். அவ்வளவுதான், நாடு மாறிவிட்டது. நாம் சில நிமிடங்களில் கடந்துபோகும் அந்த இடம்தான் புக்கிட் காயூ ஹீத்தாம். கருமரக் குன்று என்று பொருள். குபாங் பாசு மாவட்டத்தில் உள்ள இந்தச் சிற்றூருக்கும் நம் தோட்டப்புறக் குடும்பங்களுக்கும் என்ன உறவு? பாடநூலில் தனித்தனி அத்தியாயங்களாக இருப்பவற்றைச் சேர்த்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

1909: கோடு போட்டவர்கள்

முன்பு கெடா சயாமின் மேலாதிக்கத்தில் இருந்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறை 'பூங்கா மாஸ்' எனும் பொன்மலர் மரங்களைக் கெடா சுல்தான் பாங்காக்குக்கு அனுப்பி வைப்பார். 1909 மார்ச் 10ஆம் நாள் பிரிட்டனும் சயாமும் பாங்காக்கில் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகியவை பிரிட்டிஷ் பிடிக்குள் வந்தன. இன்றைய எல்லைக்கோட்டின் பிறப்பு அதுதான். கெடா மக்களையோ சுல்தானையோ யாரும் கேட்கவில்லை.

அந்த உடன்பாட்டின் இன்னொரு பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. தெற்கு நோக்கி ரயில் பாதை அமைக்க சயாமுக்கு 40 லட்சம் பவுன் கடனாகத் தரப்பட்டது. கடன் கொடுத்தது கூட்டரசு மலாய் மாநிலங்களின் அரசாங்கம். அந்தப் பாதையும் கெடா வழியாக வடக்கே சென்ற மலாயா ரயில் பாதையும் 1918இல் பெர்லிசின் பாடாங் பெசாரில் இணைந்தன. எல்லையின் வாசல்களில் இரண்டு: ரயிலுக்குப் பாடாங் பெசார், சாலைக்குப் புக்கிட் காயூ ஹீத்தாம்.

1941: சாலை வழியே வந்த போர்

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை தென் தாய்லாந்தின் சொங்க்லாவிலும் பட்டாணியிலும் தரையிறங்கியது. சொங்க்லாவிலிருந்து சடாவ் வழியாக வந்த சாலையில்தான் டாங்கிகள் கெடாவுக்குள் நுழைந்தன. கொட்டும் மழையில் சங்லூன், ஆசூன் பகுதிகளில் எதிர்த்து நின்றவர்களில் பஞ்சாப், கூர்க்கா படைப்பிரிவினர் அடங்குவர். ஜித்ரா தற்காப்பு அரண் டிசம்பர் 13க்குள் சரிந்தது.

தோற்றுப்போன பஞ்சாப் படைப்பிரிவின் கேப்டன் மோகன் சிங் அலோர் ஸ்டாரில் ஜப்பானிய அதிகாரி புஜிவாராவைச் சந்தித்தார். இந்திய தேசிய இராணுவத்துக்கு வித்து அங்கே விழுந்தது. பின்னர் 1943இல் சுபாஷ் சந்திர போஸ் தலைமையேற்றபோது, மலாயாவின் பால்மரக் காடுகளிலிருந்து எத்தனையோ தமிழ் இளைஞர்களும் பெண்களும் அதில் சேர்ந்தார்கள்.

1943: ரயில் வழியே போனவர்கள்

அதே காலத்தில் இன்னொரு பயணமும் நடந்தது. பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பானியருக்கு ஆள் தேவைப்பட்டது. மலாயாவிலிருந்து 70,000க்கும் அதிகமானோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். நல்ல கூலி என்ற ஆசை வார்த்தைக்கு மயங்கிப் போனவர்களும் உண்டு, கட்டாயமாகப் பிடித்து ஏற்றப்பட்டவர்களும் உண்டு. சரக்குப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு அவர்கள் எல்லையைக் கடந்தது, 1909 உடன்பாட்டுக் கடனோடு தொடர்புடைய அதே தண்டவாளத்தில்தான். காலராவும் மலேரியாவும் பசியும் பல்லாயிரம் பேரைக் கொன்றன. போர்க் கைதிகளுக்குக் கல்லறையும் பெயர்ப் பலகையும் உண்டு. நம்மவர்களில் பெரும்பாலோருக்கு அவை இல்லை.

1943 அக்டோபரில் அந்தச் சயாம் மரண ரயில் பாதை முடிந்தது. அதே மாதம் ஜப்பான் கெடாவைத் தாய்லாந்திடம் ஒப்படைத்தது. அதாவது, எல்லைக்கோடே தெற்கே நகர்ந்தது. தோட்டத்தில் எஞ்சியிருந்தவர்கள் வீட்டை விட்டு ஓரடி எடுத்து வைக்காமலே வேறு நாட்டு ஆட்சிக்குள் போனார்கள். போர் முடிந்ததும் 1945இல் கோடு பழைய இடத்துக்குத் திரும்பியது.

இன்று: நெடுஞ்சாலை தொடங்கும் இடம்

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் வடமுனை இந்த ஊர்தான். 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்ட அந்தச் சாலையில் இங்கிருந்து ஜொகூர் பாரு வரை தடையின்றிப் போகலாம். இது ஆசிய நெடுஞ்சாலை 2இன் பகுதியும்கூட. எல்லையில் குடிநுழைவு, சுங்கம், தாவர விலங்கு நோய்த்தடுப்பு, பாதுகாப்பு ஆகிய சோதனைகள் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. ஒரு லாரி பழத்தை ஏற்றி வந்தால், ஓட்டுநரின் கடப்பிதழை ஒருவரும், சரக்குப் பத்திரத்தை இன்னொருவரும், பழத்தில் பூச்சி உண்டா என்பதை மற்றொருவரும் பார்க்க வேண்டும். இதில் ஒரு மேசை தாமதித்தாலும் பின்னால் லாரிகள் வரிசை பிடிக்கும், பழம் கனிந்துவிடும்.

மலேசியா புதிய வளாகம் கட்டியது. தாய்லாந்தும் தன் பக்கம் புதிய சோதனைச் சாவடி கட்டியது. ஆனால் இரண்டும் நேர்க்கோட்டில் அமையவில்லை, நடுவே இணைப்புச் சாலை தேவைப்பட்டது. 2023 நவம்பரில் இரு நாட்டுப் பிரதமர்களும் எல்லைக்கே வந்து சந்தித்தபோது இதுவும் பேசப்பட்டது. இரு நாடுகளும் தனித்தனியே திட்டமிட்டால் கோடிக்கணக்கில் செலவழித்தும் வாசல் வாசலோடு பொருந்தாமல் போகலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. பொறியியல், தளவாடத் துறை பயில விரும்பும் மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். பக்கத்துச் சிந்தோக்கில், 1984இல் நிறுவப்பட்ட வட மலேசியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்குப் பயிலும் நம் மாணவர்களுக்கு இந்த எல்லை கூப்பிடு தூரம்.

நீங்கள் செய்யக்கூடியது

வடக்கே குபாங் பாசு பெரும்பாலும் நெல் வயல். சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத் தோட்டங்கள் தெற்கே தள்ளி இருக்கின்றன. ஆனாலும் அங்குள்ள குடும்பங்களில் 'சயாமுக்குப் போனவர்' என்று ஒருவரைப் பற்றிய பேச்சு இருக்கக்கூடும். தாத்தா, பாட்டியிடம் கேளுங்கள்: அவர் பெயர் என்ன, எந்தத் தோட்டம், திரும்பி வந்தாரா? கைப்பேசியில் பதிவு செய்து, கேட்ட தேதியோடு எழுதி வையுங்கள். போரை நேரில் கண்டவர்களுக்கு இப்போது தொண்ணூறு வயதையொட்டி அல்லது அதற்கு மேல் இருக்கும். அவர்களிடம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளும் முதுமை அடைந்துவிட்டார்கள்.

அடுத்த முறை ஹட்யாய் போகும் வழியில் வரிசையில் நிற்கும்போது, கடப்பிதழ் இல்லாமலே இந்த எல்லைக்கு அப்பால் கொண்டுபோகப்பட்டவர்களையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.