செருப்புப் பூவும் பாறைப் பாசியும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு ராஜபாளையம் அய்யனார் கோயில் ஆற்றுக்குப் போனால் பாறைகளைக் கவனியுங்கள். நீர் கசிகிற பக்கம் மட்டும் பச்சை வெல்வெட் போர்த்தியிருக்கும். பாசி, வழுக்கும் என்று தள்ளி நடந்துவிடுவோம். ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பிலோ, சாம்பல் நிற அணிலைத் தேடி அண்ணாந்தே நடப்போம். 1988இல் அந்த அணிலுக்காகச் சரணாலயமான காடு, 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. பாசிக்காக எவரும் காட்டை ஒதுக்கியதாகத் தெரியவில்லை.

இந்தக் காடுகள் இருக்கும் மலைத்தொடரிலேயே தெற்கே, அகத்தியமலைப் பகுதியில் ஒரு செருப்பு ஆர்க்கிட் இருக்கிறது. 1865இல் கர்னல் ட்ரூரி கண்டதால் பாஃபியோபெடிலம் ட்ரூரி என்று பெயர். மஞ்சள் இதழ், நடுவே கரும்பழுப்புக் கோடு, கீழே செருப்பின் முனை போல ஒரு பை. பைக்குள் விழுந்த பூச்சி பின்பக்க இடுக்கு வழியாகத்தான் தப்ப முடியும். போகிற வழியில் முதலில் சூல்முடியை உரசும், பிறகு மகரந்தத்தை முதுகில் சுமக்கும். இந்த அழகே அதற்கு எமன். ஆசைப்பட்டவர்கள் வேரோடு பிடுங்கிப் போனதில், இன்று மிக அருகிய இனம். காட்டிலிருந்து எடுத்த இந்தச் செடியை நாடுவிட்டு நாடு விற்பதற்குத் தடை. ஆனாலும் பூத்தால் கண்ணில் படும், எண்ணலாம். அதன் தூசி விதை காட்டில் பூஞ்சையின் துணையில்லாமல் முளைக்காது. ஆய்வுக்கூடக் குடுவையில் ஊட்டம் கொடுத்து முளைக்கவைக்கலாம்.

பாசிக்கு இந்தச் சலுகைகள் இல்லை. பூ, விதை, உண்மையான வேர் எதுவும் கிடையாது. பெரும்பாலும் ஒரே செல் தடிமனுள்ள இலைதான் தண்ணீரை நேராக உறிஞ்சுகிறது. காற்றின் மாசையும் அப்படியே வாங்கிக்கொள்கிறது. ஆண் செல், இரண்டு வால்களை அசைத்து ஈரப்படலத்தில் நீந்தித்தான் பெண் செல்லை அடைய வேண்டும். கருவுற்றால் மெல்லிய காம்பின் நுனியில் ஒரு சிறு குடுவை எழும். உருப்பெருக்கியில் பாருங்கள்: பல இனங்களில் வாயைச் சுற்றி நுண்ணிய பற்கள், ஈரத்துக்கும் வறட்சிக்கும் ஏற்ப வளைந்து, வித்துத்தூளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும்.

இனம் பிரிக்கவே பெரும்பாலும் நுண்ணோக்கி வேண்டும் என்பதால், பாசி அருகுவது வெளியே தெரிவதில்லை. தெரிந்த சில கதைகளில் ஒன்று தகாக்கியா என்ற பாசியுடையது. சுமார் 39 கோடி ஆண்டுப் பழமையான மரபு அது. திபெத்தில் அதன் பரப்பு ஆண்டுக்கு ஏறக்குறைய 1.6 சதவீதம் சுருங்குவதாக 2023இல் ஓர் ஆய்வு சொன்னது. அங்கே யாரும் அதைப் பறிக்கவில்லை. சூடாகும் மலைதான் காரணம்.

அதனால் பறிக்காதே என்று பலகை வைத்துப் பாசியைக் காக்க முடியாது. பாறைக்கு மேலிருக்கும் மரத்தை வெட்டினாலோ, கசிவு நீரைக் குழாயில் திருப்பினாலோ போதும். செடியைத் தொடாமலே அதன் கதை முடிந்துவிடும்.